பிளவுஸ் கடையில் ஜீன்ஸ் ஆல்ட்ரேஷன் எடுக்கலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வில்லாபுரம் தையல் எழுதியது:

வணக்கம். மதுரை வில்லாபுரத்தில் வீட்டு முன்னறையில் தையல் கடை வைத்திருக்கிறேன். 18 வருஷம் ஆகிறது. கல்யாணத்துக்கு அம்மா கொடுத்த கருப்பு மெஷின்தான் இன்னும் ஓடுகிறது, மோட்டார் மட்டும் பிறகு மாட்டினேன். பிளவுஸ், சுடிதார், பாவாடை, சேலைக்கு ஃபால்ஸ் அடிப்பது, இவ்வளவுதான் என் வேலை. கேட்க வந்தது சின்னக் கேள்வி. ஆனால் நடந்ததைச் சொன்னால்தான் நீங்கள் பதில் சொல்ல முடியும்.

முன்பெல்லாம் விசேஷம் இல்லாத வாரத்திலும் 20 பிளவுஸாவது வந்துவிடும். இப்போது ஏழு, எட்டு வந்தால் அதிகம். ஆவணியிலும் தையிலும் மட்டும் பழைய கூட்டம் இருக்கிறது. அப்போது வருவதும் லைனிங் வைத்த பட்டு பிளவுஸ், ஆரி வேலை செய்த பிளவுஸ். கூலி கூடத்தான். ஆனால் அது கல்யாணத்துக்குக் கல்யாணம் வருகிற காசு. அரிசி வாங்க உதவியது தினப்படி கட்டுகிற காட்டன் சேலைக்குத் தைத்த சாதா பிளவுஸ்தான். அது நின்றுபோய்விட்டது. எங்கள் தெருவில் தினமும் சேலை கட்டுகிறவர்கள் யார் என்று ஒருநாள் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். என் மாமியார், பூக்கட்டுகிற அக்கா, இரண்டு டீச்சர்கள், பால் ஊற்றுகிற அம்மா. அவ்வளவுதான். மற்றவர்கள் வீட்டில் நைட்டி, வெளியே போனால் சுடிதார். வயசுப் பெண்கள் எல்லோரும் ஜீன்ஸ்.

யாரையும் குறை சொல்ல வரவில்லை. என் பெரிய பெண்ணும் ஜீன்ஸ்தான் போடுகிறாள். காளவாசல் பக்கம் ஒரு வண்டி ஷோரூமில் வேலை. கம்பெனி டி-ஷர்ட் கொடுத்துவிடுகிறது, பேண்ட் நாம் வாங்கிக்கொள்ள வேண்டும். அவளோடு வேலை பார்க்கிற பெண்கள் பலர் உசிலம்பட்டி, செக்கானூரணியிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள். தாவணி கட்டிய அம்மாக்களின் பிள்ளைகள்.

அவள் முதல் சம்பளத்தில் வாங்கிய ஜீன்ஸ் நாலு அங்குலம் நீளமாக இருந்தது. நானே வெட்டி மடித்து அடிக்கலாம் என்று மெஷினில் வைத்தேன். கொஞ்ச தூரம் சரியாகப் போனது. பக்கத் தையல் வந்து சேருகிற இடம் இருக்கிறதே, அங்கே துணி மேல் துணியாக ஏறி மரக்கட்டை மாதிரி நிற்கிறது. ஊசி பட்டென்று முறிந்து நெற்றியில் தெறித்தது. கண்ணுக்கு ஒரு விரல் மேலே. மாமியார் பார்த்துக்கொண்டே இருந்தார். “ஊசியே வேணாங்குது, உனக்கென்ன” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். பிறகு ஒரு கடையில் 100 ரூபாய் கொடுத்துத்தான் அந்த ஜீன்ஸைச் சரிசெய்தோம். பத்து நிமிஷ வேலை. 100 ரூபாய்.

சரி, போகட்டும் என்று விட்டிருப்பேன். போன வாரம் வேறொன்று நடந்தது. என்னிடம் முதல் வருஷத்திலிருந்து பிளவுஸ் கொடுக்கிற ஒரு அக்கா, 52 வயசு. அவருடைய அளவு எனக்கு டேப் இல்லாமலே தெரியும். மஞ்சப்பையோடு வந்தார். மேலே ஒரு சேலை, அதற்கடியில் மடித்து வைத்த நீல ஜீன்ஸ். கதவைச் சாத்தச் சொன்னார். வீட்டுக்காரர் தவறிப்போய் இரண்டு வருஷம் ஆகிறது. அவருடைய பால் ஏஜென்சியை இப்போது இவர்தான் பார்க்கிறார். விடிய நாலு மணிக்கு ஸ்கூட்டரில் கிரேட்டு வைத்துக்கொண்டு போகிறார். இருட்டில் சேலை காற்றில் ஏறுகிறது, காலை ஊன்றினால் தடுக்குகிறது, இரண்டு தடவை விழுந்திருக்கிறார். முழங்காலைக் காட்டினார். “நீளத்தைக் குறைச்சு, இடுப்பைக் கொஞ்சம் விட்டுக் குடும்மா, வேற கடைக்கு இதத் தூக்கிட்டுப் போகக் கூச்சமா இருக்கு” என்றார்.

நான் முடியாது என்றுதான் சொல்லி அனுப்பினேன். தெரியாத வேலையை வாங்கி வீணாக்கக் கூடாது. ஆனால் அவர் அந்தப் பையை மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டு தெருவில் போனது மனசை விட்டு நீங்கவே இல்லை.

இப்போது கேள்வி. சாதா மெஷினில் ஜீன்ஸ் தைக்க முடியுமா, புது மெஷின் வாங்க வேண்டுமா? அப்புறம், பிளவுஸ் கொடுக்கிற பெண்கள் வந்துபோகிற கடையில் ஜீன்ஸும் தொங்கினால் இருக்கிற வாடிக்கையும் போய்விடுமா? மாமியார் போகும் என்கிறார். தையல்காரர்கள் சொல்லுங்கள், ஜீன்ஸ் போடுகிற பெண்களும் சொல்லுங்கள்.


சத்திரத்துக் கடை எழுதியது:

தங்கச்சி, மீனாட்சி கோவில் எதிரே இருக்கிற புதுமண்டபத்தில் 25 வருஷம் மெஷின் போட்டு உட்கார்ந்தவன் நான். கடைகளை மாற்றியபோது எல்லோரோடும் குன்னத்தூர் சத்திரத்துக்கு வந்துவிட்டேன். உன் கருப்பு மெஷினே போதும். புது மெஷினுக்கு இப்போது காசு போடாதே.

நீ பிளவுஸ் ஊசியைப் போட்டு அடித்திருப்பாய். 16 நம்பர் ஊசி வாங்கு, ரொம்பத் தடித்த துணிக்கு 18. இப்போது பெண்கள் போடுகிற லைக்ரா கலந்த ஜீன்ஸுக்கு 14 கூடப் போதும், ஆனால் முனை மழுங்காத புது ஊசியாக இருக்க வேண்டும். தையலைப் பெரிதாக வை. ஊசி முறிந்தது என்றாயே, அந்த மேட்டில் மோட்டாரை மிதிக்கவே கூடாது. முதலில் அந்த இடத்தைச் சுத்தியலால் தட்டிச் சப்பையாக்கு. பிறகு சக்கரத்தைக் கையால் சுற்றி நாலு தையலைக் கடந்து போ. மேட்டில் ஏறும்போது துணியை அமுக்கிப் பிடிக்கிற ஃபுட் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும், அதனால்தான் ஊசி வளைகிறது. அதே கனத்துக்கு ஒரு துண்டு ஜீன்ஸை மடித்து ஃபுட்டுக்குப் பின்னால் கொடுத்தால் ஃபுட் சமமாக நிற்கும். ஊசி தப்பிக்கும்.

ஒரு தண்ணீரில் நனைத்துத் துவைத்த ஜீன்ஸைத்தான் வெட்ட வேண்டும். பருத்தி சுருங்கும். இன்னொன்றை மறந்துவிடாதே. ஜீன்ஸில் நீளவாக்கில் ஓடுகிற பாவு நூலுக்கு மட்டும்தான் நீலம், குறுக்கே ஓடுகிற ஊடை வெள்ளை. அந்த நீலமும் நூலின் மேலோடு நிற்கிற சாயம், உராய்ந்தால் உதிரும். ஜீன்ஸ் அடித்த பலகையைத் துடைக்காமல் வெள்ளைப் பட்டு பிளவுஸை வைத்துவிட்டால் தொலைந்தோம். நான் ஒருமுறை அப்படிக் கல்யாண பிளவுஸ் ஒன்றைக் கெடுத்து, துணிக்கும் சேர்த்துக் காசு கொடுத்திருக்கிறேன்.

வாடிக்கை போகுமா என்று யோசிக்காதே. ரிவெட் அடித்த ஜீன்ஸை உண்டாக்கியவரே நம்மைப் போல ஒரு தையல்காரர்தான். ஜேக்கப் டேவிஸ் என்று பெயர், அமெரிக்காவில் ரீனோ என்ற ஊரில் கடை வைத்திருந்தார். ஒரு விறகுவெட்டியின் மனைவி வந்து, புருஷனுக்குக் கிழியாத பேண்ட் வேண்டும் என்று கேட்டார். பை கிழிகிற மூலைகளில் செம்பு ஆணியை அடித்துக் கொடுத்தார் டேவிஸ். அது பிடித்துப்போய் ஆர்டர் குவிந்தது. துணி கொடுத்துக்கொண்டிருந்த வியாபாரி லெவி ஸ்ட்ராஸோடு சேர்ந்து 1873இல் காப்புரிமை வாங்கினார். கடைக்கு வந்த பெண் கேட்டதற்கு முடியாது என்று அவர் சொல்லவில்லை. அந்த அக்காவைக் கூப்பிட்டு அனுப்பு.


மேலூர் ஸ்கூட்டி எழுதியது:

அக்கா, நான் ஜீன்ஸ் போடுகிறவள். வீடு வீடாகப் போய் ரத்த மாதிரி எடுக்கிற வேலை. மேலூர், கொட்டாம்பட்டி, அழகர்கோவில் ரோடு என்று தினமும் ஐம்பது, அறுபது கிலோமீட்டர் வண்டி ஓட்டுகிறேன்.

காலேஜ் வரைக்கும் சுடிதார்தான். ஒருநாள் அண்ணன் பைக்கில் ஒருபக்கமாக உட்கார்ந்து போகும்போது துப்பட்டா பின்சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. கழுத்தை இழுத்த அந்த ஒரு நொடியை இன்றைக்கு நினைத்தாலும் தொண்டை இறுகுகிறது. பின் குத்தியிருந்த தோள்பக்கம் கிழிந்ததால் பிழைத்தேன். பின்னால் உட்காருகிறவரின் துணி சிக்காமல் இருக்க பின்சக்கரத்தில் பாதியாவது மூடுகிற தடுப்பு வண்டியில் இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 123 சொல்கிறது. பெண்கள் துணியோடு சக்கரத்தில் மாட்டுகிறார்கள் என்று தெரிந்துதானே விதி போட்டிருக்கிறார்கள்? அண்ணன் வண்டியில் அதை அழகுக்காகக் கழற்றிப் போட்டிருந்தான். தங்கச்சிமார்களை ஏற்றிப்போகிறவர்கள் தயவுசெய்து உங்கள் வண்டியைப் போய்ப் பாருங்கள்.

வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு ஜீன்ஸ் வாங்கினேன். சித்தப்பா ஆறு மாசம் பேசவில்லை. இப்போதும் எங்கள் ஊருக்குள் நுழையும்போது முட்டி வரைக்கும் மறைக்கிற டாப்ஸ் போட்டுக்கொள்கிறேன், அது என் அம்மாவுக்காக. அதற்காகச் சேலை பிடிக்காது என்று யாராவது நினைத்தால் அது பொய். பொங்கலுக்கு அம்மாவின் சேலையைத்தான் கட்டுவேன். கொசுவம் வைக்க எனக்கு 20 நிமிஷம் ஆகும், அந்த 20 நிமிஷமும் சந்தோஷமாக இருக்கும். காலை ஐந்தரைக்கு வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க ஒரு சர்க்கரை நோயாளி காத்திருக்கும்போது அந்த 20 நிமிஷம் என்னிடம் இல்லை.

ஒரு வேண்டுகோள். பெண்கள் ஜீன்ஸில் பாக்கெட் விரல் நுழைகிற அளவுக்குத்தான் வைக்கிறார்கள். போன் பாதி வெளியே நிற்கிறது, பள்ளத்தில் வண்டி குதித்தால் கீழே விழுகிறது. பாக்கெட்டை ஆழமாக்கித் தருகிற கடை எங்கேயாவது இருக்கிறதா என்று நானே தேடிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் அதைச் செய்தால் முதல் ஆளாக மேலூரிலிருந்து வருவேன்.


ஓய்வு ஆசிரியர் செல்லூர் எழுதியது:

என் கருத்து வேறு. கோபத்தோடு சொல்லவில்லை, வருத்தத்தோடு சொல்கிறேன்.

செல்லூரில் தறிச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவன் நான். விடியற்காலை எழுப்புவதே அந்தச் சத்தம்தான். இன்று எங்கள் தெருவில் தறி கிடையாது. நெய்தவர்களின் பிள்ளைகள் ஏதேதோ வேலைக்குப் போய்விட்டார்கள். 1921 செப்டம்பர் 22 அன்று மேலமாசி வீதியில் காந்தி தன் உடுப்பை மாற்றி அரைவேட்டிக்கு வந்ததை மதுரைக்காரர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். அவர் எளிமைக்காக மட்டுமா மாற்றினார்? நாம் உடுத்துகிற துணிக்குப் பின்னால் யாருடைய அடுப்பு எரிகிறது என்று பார்க்கச் சொன்னவர் அவர். ஒரு பெண் தினப்படிச் சேலையை விட்டால் நெய்கிறவர், சாயம் போடுகிறவர், ஃபால்ஸ் அடிக்கிறவர், உங்களைப் போல பிளவுஸ் தைக்கிறவர் என்று எத்தனை வீடு அடிபடுகிறது! உங்கள் கணக்கே அதற்குச் சாட்சி.

கோவிலுக்குக்கூட ஜீன்ஸோடு வருகிறார்கள். அம்மன் சன்னதியில் பட்டுப் பாவாடைக் குழந்தைகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது ஒட்டவில்லை. பால்கார அம்மாவின் சிரமம் புரிகிறது, அவருக்குத் தைத்துக் கொடுங்கள். ஆனால் எல்லோருக்கும் விடியற்காலை நாலு மணி வேலையா இருக்கிறது?


சுங்குடி முடிச்சு எழுதியது:

ஐயா, நான் சௌராஷ்டிரா வீட்டுப் பெண், மகால் பக்கம். எங்கள் பாட்டி, அம்மா எல்லோரும் சுங்குடிக்கு முடிச்சுப் போட்டவர்கள். துணியை நகத்தால் கிள்ளித் தூக்கி நூலைச் சுற்றி இறுக்க வேண்டும். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில். சாயம் முக்கி காய்ந்தபிறகு இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்தால் முடிச்செல்லாம் படபடவென்று தெறிக்கும், உள்ளே வெள்ளைப் புள்ளி பூத்திருக்கும். அந்தச் சத்தம் எனக்கு உங்கள் தறிச் சத்தம் மாதிரி. அதனால் உங்கள் வருத்தம் எனக்கும் உண்டு.

ஆனால் முடிச்சுக் கைகளைக் குறைத்தது ஜீன்ஸ் இல்லை ஐயா. மெழுகு அச்சும் ஸ்கிரீன் பிரிண்டும் வந்தன, அரை நாளில் பத்து சேலைக்குப் புள்ளி விழுந்தது. அப்போது எல்லோரும் சேலைதான் கட்டிக்கொண்டிருந்தார்கள், இருந்தும் கைமுடிச்சுக்கு விலை கொடுக்க ஆள் இல்லை. 2005இல் மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, சந்தோஷப்பட்டோம். முடிச்சுப் போடும் கைகள் அதனால் கூடவில்லை. இன்று நான் சுங்குடியில் குட்டை டாப்ஸ் வெட்டித் தைத்து விற்கிறேன். வாங்குகிறவர்கள் பாதிக்கு மேல் ஜீன்ஸ் போடுகிற பெண்கள். சேலையாக 5 மீட்டருக்கு மேல் வாங்க யோசிக்கிறவர்கள் டாப்ஸாக இரண்டு மீட்டர் வாங்குகிறார்கள். எனக்கு அது பெரிய ஆறுதல்.

கோவில் பற்றிச் சொன்னீர்கள். 2015 கடைசியில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ஒரு உத்தரவு வந்தது, ஞாபகம் இருக்கும். 2016 ஜனவரி 1 முதல் கோவிலுக்கு ஜீன்ஸ், லெக்கிங்ஸ் கூடாது, பெண்கள் சேலை, தாவணி, இல்லையென்றால் மேல்துணியோடு சுடிதார் என்று. அந்த மாசமே இரண்டு நீதிபதிகள் அமர்வு அதற்குத் தடை போட்டுவிட்டது. நான் அந்தப் பட்டியலில் சுடிதார் இருப்பதைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். 90களில் நான் முதல்முதல் சுடிதார் போட்டுக்கொண்டு தெற்குமாசி வீதியில் நடந்தபோது, “இது எந்த ஊரு உடுப்பு” என்று கேட்ட பெரியவர்கள் இருந்தார்கள். அதே உடுப்பு 20 வருஷத்தில் கோவிலுக்கு ஏற்ற மரபு உடை ஆகிவிட்டது.


வில்லாபுரம் தையல் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பத்து நாள் கழித்து எழுதுகிறேன், காரணம் இருக்கிறது.

அண்ணே சொன்ன மாதிரி 16 நம்பர் ஊசி வாங்கி, பெண்ணின் பழைய ஜீன்ஸில் பழகினேன். சுத்தியலுக்கு அம்மிக்குழவியை எடுத்தேன், அது இன்னும் நன்றாகச் சப்பையாக்குகிறது. துண்டை மடித்து ஃபுட்டுக்குப் பின்னால் வைப்பது கைக்கு வர இரண்டு நாள் ஆனது. இப்போது ஊசி முறியவில்லை.

பிறகு பால் அக்காவுக்குப் போன் செய்தேன். அதே மஞ்சப்பை, அதே கதவு சாத்தல். நீளம் ஐந்து அங்குலம் குறைத்தேன். இடுப்பில் பின்பக்கம் பிரித்து, வெட்டிய கால்துணியிலேயே முக்கோணமாக ஒட்டு வைத்தேன். மேலூர் தங்கச்சி எழுதியது நினைவுக்கு வந்ததால், கேட்காமலே பாக்கெட்டையும் பிரித்து, உள்ளே கெட்டிக் காட்டன் வைத்து ஒரு சாண் ஆழத்துக்கு இறக்கினேன். போட்டுப் பார்த்துவிட்டு வெளியே வந்தவர் கையை உள்ளே விட்டார். மணிக்கட்டு வரை போனது. கையை எடுக்கவே இல்லை. வசூல் காசை இத்தனை நாள் இடுப்பில் செருகியும், முந்தானையில் முடிந்தும், சில நேரம் ரவிக்கைக்குள்ளும் வைத்துக்கொண்டு வண்டி ஓட்டியிருக்கிறார். ஒருமுறை 1,800 ரூபாய் எங்கே விழுந்தது என்றே தெரியாமல் போயிருக்கிறது. “இங்கயே நிக்கும்ல?” என்று இரண்டு தடவை கேட்டார். நிற்கும் அக்கா என்றேன்.

மாமியார் கதவுப்பக்கம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். இது நான் எதிர்பாராதது. ராத்திரி சாப்பிடும்போது அவராகவே பேச ஆரம்பித்தார். உசிலம்பட்டிப் பக்கம் அவர் பிறந்த ஊரில் அவருடைய அம்மா கடைசிவரை ரவிக்கை போட்டதில்லையாம். கண்டாங்கிச் சேலையைப் பின்கொசுவம் வைத்துக் கட்டி, காதில் தண்டட்டியோடு களையெடுக்கப் போவாராம். மாமியாருக்குப் பதினாலு வயசில் திருவிழாவுக்கு அவர் அப்பா ரவிக்கைத் துணி எடுத்துக் கொடுத்திருக்கிறார். அதைப் போட்டுக்கொண்டு வந்து நின்றபோது, “டவுன்காரி மாதிரி நிக்கிற, அவுத்துப் போடு” என்று அம்மா சத்தம் போட்டாராம். “அழுதுக்கிட்டே அவுத்தேன், மறுநா திரும்பப் போட்டேன்” என்றார். 18 வருஷம் பிளவுஸ் தைத்துச் சாப்பிடுகிறேன், அது இந்த வீட்டிலேயே ஒரு காலத்தில் திட்டு வாங்கிய துணி என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

ஆசிரியர் ஐயாவுக்கு: நீங்கள் சொன்னதில் நெசவாளர் கணக்கு உண்மை. எனக்குப் பதில் தெரியவில்லை. சுங்குடி அக்காவிடம் டாப்ஸ் துணி வாங்கிக் கடையில் வைக்கலாம் என்று இருக்கிறேன். ஜீன்ஸ் கொண்டுவருகிற பெண்களுக்குக் காட்டலாம். என்னால் முடிந்தது அதுதான். சேலை கட்டுகிறவர்கள் வந்தால் முன்பு போலவே ராத்திரி உட்கார்ந்தாவது மறுநாளே தைத்துக் கொடுப்பேன்.

மாமியார் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார். பிளவுஸ் அடுக்குகிற அலமாரியில் ஜீன்ஸை வைக்கக் கூடாது, தனிக் கொடி. சாயம் ஒட்டும் என்று அண்ணனும் சொன்னதால் அது நல்லதுக்குத்தான். ஜன்னல் ஓரமாகக் கொடி கட்டியாகிவிட்டது. போர்டில் ‘பிளவுஸ், சுடிதார் தைக்கப்படும்’ என்பதற்குக் கீழே, ‘ஜீன்ஸ் அளவு மாற்றித் தரப்படும், பாக்கெட் ஆழமாக்கித் தரப்படும்’ என்று எழுதச் சொல்லியிருக்கிறேன். பெண்ணின் ஷோரூமிலிருந்து இதுவரை மூன்று ஜீன்ஸ் வந்திருக்கிறது. ஒன்றுக்கு 60 ரூபாய், பாக்கெட்டுக்குத் தனியாக 40.

சத்திரத்து அண்ணே, ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. மேல்தையலுக்கு அந்தக் காவி நிறத் தடித்த நூலைப் போட்டால் அடியில் பாபின் நூல் சுருண்டுகொள்கிறது. அடியிலும் அதே நூலா, இல்லை சாதா நூலா? வெள்ளிக்கிழமைக்குள் சொன்னால் உதவியாக இருக்கும். மேலூர் தங்கச்சி அன்றைக்குத்தான் வருகிறாள்.